நீலகிரியில் ப்ளூபெர்ரி இருக்கா? மலைப்பழம் பறிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

(ஒலிபரப்பான பகுதியின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

திருவையாத்துலேர்ந்து பேசறேன். போன மாசம் ஒரு நேயர் குரல் பதிவு அனுப்பியிருந்தாங்க. கண்டியூர்ப் பக்கம் உள்ள அம்மா. அவங்க சொன்னது இதுதான்: "தம்பி, லீவுக்குக் குடும்பத்தோட ஊட்டி போயிருந்தோம். நடந்து போற வழியில ஒரு புதர்ல கறுநீலமா பழம் இருந்துச்சு. எங்க கூட வந்தவர் ப்ளூபெர்ரின்னு சொல்லிப் பறிச்சுத் தின்னார். என் பையனுக்கும் கொடுத்தார். நான் வாங்கித் தூர எறிஞ்சுட்டேன். அதுலேர்ந்து வீட்டுல எனக்கு பயந்தாங்கொள்ளின்னு பேரு. நான் செஞ்சது சரியா தப்பா?"

இன்னிக்கு முழுக்க இந்தக் கேள்விக்குத்தான் பதில். கேள்வி சின்னதா தெரியலாம். ஆனா அதுக்குள்ள மூணு விஷயம் இருக்கு. நீலகிரியில ப்ளூபெர்ரி வளருதா? வளர்ந்தா அதை எப்படி அடையாளம் கண்டு பறிக்கிறது? அப்புறம், அதைப் பறிக்க நமக்கு உரிமை இருக்கா? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ப்ளூபெர்ரின்னா என்ன?

சூப்பர் மார்க்கெட்ல சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுல, 125 கிராம், நல்ல விலைக்கு விக்கிறாங்களே, அதுதான் ப்ளூபெர்ரி. நம்ம கடைக்கு வர்றதுல பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. இன்னிக்கு உலகத்துல இதை அதிகமா ஏற்றுமதி பண்ற நாடு பெரு.

தாவரவியல்ல இது 'வாக்ஸினியம்' என்ற பேரினத்தைச் சேர்ந்தது. குடும்பம் 'எரிகேசியே'. மலையில சிவப்பா பூத்துக் குலுங்குமே ரோடோடென்ட்ரான், அதுவும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: புளிப்பு மண் வேணும். மண்ணோட பி.எச். அளவு 4-லேர்ந்து 5.5-க்குள்ள இருந்தா ப்ளூபெர்ரி சந்தோஷமா வளரும். அந்த மாதிரி மண்ணுல சத்து சுலபமா கிடைக்காது. அதனால வேரோட ஒட்டி வாழற ஒருவகைப் பூஞ்சை, மண்ணுலேர்ந்து தழைச்சத்தைப் பிரிச்சு எடுத்துக் கொடுக்குது.

இதை வச்சே ஒரு விஷயம் புரிஞ்சுடும். நம்ம காவிரி வண்டல்ல இந்தச் செடி ஏன் தலையெடுக்காது? களிமண், தண்ணி கட்டி நிக்கிற வயல், புளிப்பு இல்லாத மண், அதுக்கு மேல சித்திரை வெயில். நெல்லுக்கும் வாழைக்கும் வெத்தலைக்கும் சொர்க்கமா இருக்கிற இடம் ப்ளூபெர்ரிக்கு நரகம். ஆன்லைன்ல நாத்து வாங்கித் தொட்டியில வச்சுப் பார்த்தேன், காஞ்சு போச்சுன்னு சில நேயர்கள் எழுதியிருந்தீங்க. உங்க கைராசியில குறை ஒண்ணும் இல்லை.

ப்ளூபெர்ரி தோட்டப் பயிரா மாறி நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஆகுது. அதுவரைக்கும் முழுக்கக் காட்டுப் பழம். அமெரிக்காவுல நியூஜெர்சியைச் சேர்ந்த எலிசபெத் ஒயிட் என்ற பெண்மணியும், ஃப்ரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து உழைச்சு, 1916-ல முதல் தோட்டத்து விளைச்சலை விற்பனைக்குக் கொண்டு வந்தாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. நல்ல செடி காட்டுல எங்க இருக்குன்னு எலிசபெத்துக்குத் தெரியாது. அதனால காட்டுல பழம் பறிக்கிற உள்ளூர் ஆட்களைக் கேட்டாங்க. ஓட்டை போட்ட ஒரு அளவுகோலைக் கையில கொடுத்து, இந்த ஓட்டையில நுழையாத அளவு பெரிய பழம் காய்க்கிற செடியைக் காட்டினா காசுன்னு சொன்னாங்க. கண்டுபிடிச்ச ஆளோட பேரையே செடிக்கும் வச்சாங்க. ரூப் லீக் என்ற ஆள் காட்டின செடி 'ரூபெல்' ஆச்சு. அந்த ரகம் இன்னிக்கும் சாகுபடியில இருக்கு.

இந்தக் கதையை மனசுல வச்சுக்குங்க. காட்டுப் பழத்தைப் பத்தின அறிவு யார்கிட்ட இருக்குன்னு இதுலேயே தெரியுது.

நீலகிரியில் உள்ள நாலு செடிகள்

சரி, இப்ப நம்ம மலைக்கு வருவோம். நீலகிரியில நடந்து போறவர் கண்ணுல 'ப்ளூபெர்ரி மாதிரி' படக்கூடிய செடிகள் பல உண்டு. முக்கியமான நாலைச் சொல்றேன்.

முதலாவது, தவிட்டுப்பழம். தவிட்டுக் கொய்யான்னும் சொல்வாங்க. ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போறவங்க நூத்துக்குத் தொண்ணூறு பேர் ப்ளூபெர்ரின்னு நினைக்கிறது இதைத்தான். ஆனா இது ப்ளூபெர்ரிக்குச் சொந்தமே இல்லை. இதோட தாவரப் பேர் ரோடோமிர்டஸ் டொமென்டோசா. நம்ம நாவல், கொய்யா, கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் சேர்ந்த 'மிர்டேசியே' குடும்பம். அதாவது நாவல் மரத்துக்கு இது மலையில இருக்கிற பங்காளி. இலைகள் எதிரெதிரா ஜோடியா இருக்கும். ஒவ்வொரு இலையிலயும் அடியிலேர்ந்து நுனி வரைக்கும் மூணு நரம்பு எடுப்பா ஓடும். இலையைத் திருப்பினா வெளுத்து, கம்பளி மாதிரி மெத்துன்னு இருக்கும். பூ ரோஸ் நிறம். பழம் கறுத்த ஊதா, மேல மெல்லிய ரோமம், உள்ள பொடிப்பொடியா நிறைய விதை. இனிப்பு.

இரண்டாவது, நிஜமான ப்ளூபெர்ரியின் உறவு. ஆமா, இருக்கு! வாக்ஸினியம் பேரினத்துல இரண்டு இனம் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதியில இயற்கையாவே வளருது. ஒண்ணு வாக்ஸினியம் லெஷெனால்டியை, இன்னொண்ணு வாக்ஸினியம் நீல்கெரென்ஸ். இரண்டாவது பேர்லயே நீலகிரி இருக்கு பாருங்க. ரெண்டுக்கும் பேர் வச்சவர் ராபர்ட் வைட். சென்னை மாகாணத்துல வேலை பார்த்த ஸ்காட்லாந்து மருத்துவர், தாவரவியலாளர். லெஷெனால்ட் என்பவர் 1816-ல புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர். சோலைக்காட்டு ஓரத்துல நிக்கிற இந்தச் செடிகளைப் பெரும்பாலோர் கவனிக்கிறதே இல்லை. ஏன்னா, ப்ளூபெர்ரின்னா முழங்கால் உயரப் புதர்னு நாம நினைக்கிறோம். லெஷெனால்டியை சின்ன மரமாவே வளரும். இலைகள் மாறி மாறி இருக்கும், ஜோடியா இருக்காது. பூ சின்னக் கலயம் கவிழ்த்த மாதிரி தொங்கும். பழம் சிறுசு, புளிப்பு.

மூணாவது, ஊசிக்களா. முள் புதர். பெர்பெரிஸ் டிங்டோரியா என்பது இதோட தாவரப் பேர். பழம் கறுநீலம், மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். கணுவுக்குக் கணு மூணு கிளையா பிரிஞ்ச முள். தண்டை லேசா சுரண்டினா உள்ள மஞ்சளா இருக்கும். சாயம் எடுக்கப் பயன்பட்ட செடி.

நாலாவதுதான் முக்கியம். கால்தேரியா. ஊட்டியில தைலக் கடைகள்ல 'விண்டர்கிரீன் தைலம்'னு ஒரு பாட்டில் வச்சிருப்பாங்களே, அது இந்தச் செடியோட இலையிலேர்ந்து வர்றது. இதுவும் எரிகேசியே குடும்பம், ப்ளூபெர்ரிக்கு நெருங்கின சொந்தம். பழமும் அசல் நீலம். படத்துல பார்த்தா ப்ளூபெர்ரின்னுதான் சொல்வீங்க. ஆனா ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்க. முட்டி வலிக்குத் தடவற தைலத்தோட அதே வாசனை. அந்த வாசனைக்குக் காரணம் மெத்தில் சாலிசிலேட். ஆஸ்பிரின் மாத்திரைக்கு உறவான பொருள். வடிச்ச தைலம் ஒரு தேக்கரண்டி வயித்துக்குள்ள போனா, 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல முழுங்கின கணக்கு. சின்னப் பிள்ளைக்கு உயிராபத்து. பழத்துல தைலம் அளவுக்கு வீரியம் இல்லைதான். ஆனாலும் ப்ளூபெர்ரின்னு நினைச்சுக் கைப்பிடி கைப்பிடியா பிள்ளைங்களுக்குத் தின்னக் கொடுக்கிற பழம் இது இல்லை.

நாலும் ஒரே மலை. நாலுலயும் கறுநீலப் பழம். நிறம் மட்டும் பார்த்தா எதுவும் தெரியாது. இலை, முள், வாசனை, கிளை அமைப்பு எல்லாம் பார்க்கணும்.

கோத்தகிரியில் பறித்த கதை

போன ஆனி மாசம் நானும் அக்கா மகனும் கோத்தகிரிக்குப் போயிருந்தோம். தஞ்சாவூர்ல ரயில் ஏறி, கோயம்புத்தூர்ல இறங்கி, மேட்டுப்பாளையம் வழியா மலை ஏத்தம். அங்க எனக்குத் தெரிஞ்ச ஒரு நண்பர் சிறு தேயிலை விவசாயி. அவரோட அம்மாவுக்கு எழுபது வயசுக்கு மேல. தோட்டத்துக்கு மேல அவங்க சொந்த நிலத்துல, தேயிலை போடாம விட்ட ஒரு புல்சரிவு. அங்கதான் தவிட்டுப்பழம்.

பையன் ஓடிப் போய் முதல் புதர்ல கை வச்சான். "மாமா, இது ஃபுல்லா பழுத்திருக்கு!" அந்த அம்மா சிரிச்சுட்டே, "தம்பி, அது பழுக்கலை. கறுத்திருக்கு, அவ்வளவுதான்"னாங்க.

அன்னிக்கு அவங்க சொல்லித் தந்த முறை இது. பழத்தை இழுக்கக் கூடாது. அடியில உள்ளங்கையை வச்சு, கட்டை விரலால லேசா உருட்டணும். பழுத்தது தானா கையில விழும். விழலைன்னா இன்னும் ரெண்டு நாள் வேணும்னு அர்த்தம், விட்டுடணும். கிளையை வளைச்சு ஒடிக்கக் கூடாது. ஒரே செடியில பூ, காய், பழம் மூணும் இருக்கும்; கிளையை ஒடிச்சா அடுத்த வாரத்துப் பழமும் போச்சு. ஆழமான வாளியில போட்டா அடியில இருக்கிறது நசுங்கிக் கூழாகிடும். அகலமான தட்டுக்கூடைதான் சரி. தின்னும்போது கழுவினா போதும், கழுவி வச்சா அழுகிடும்.

இதுல பெரும்பாலானது அசல் ப்ளூபெர்ரிக்கும் பொருந்தும். ப்ளூபெர்ரியில இன்னொரு சின்ன அடையாளம் இருக்கு. வெளிப்பக்கம் முழு நீலமா இருந்தாலும், காம்பு ஒட்டியிருக்கிற இடத்துல செம்மை தெரிஞ்சா இன்னும் பழுக்கலை. அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல குட்டைச் செடி காட்டு ப்ளூபெர்ரியை, சீப்பு மாதிரிப் பல் வச்ச முறத்தால வாரி எடுப்பாங்க. அது வயல் வயலா விளையற இடத்துல சரி. நம்ம சரிவுல இங்கொண்ணு அங்கொண்ணா நிக்கிற செடிக்குக் கைதான்.

அரைமணி நேரம் பறிச்சிருப்போம். அந்த அம்மா கூடையை எடுத்துட்டாங்க. செடியில இன்னும் பாதி இருந்துச்சு. பையன் கேட்டான், "பாட்டி, மீதி?" "மீதி நம்மளது இல்லை. கரடி இருக்கு, குருவி இருக்கு." கரடின்னு அவங்க சும்மா சொல்லலை. கோத்தகிரிப் பக்கம் கரடி ஊருக்குள்ளயே வர்றது வழக்கம். பழம் பழுத்த புதர்ப் பக்கம் அதிகாலையிலயும் சாயங்காலத்துக்கு மேலயும் போகாதீங்கன்னு அங்க எல்லாரும் சொல்றாங்க. போகும்போது பேசிட்டே போங்க, சத்தம் கேட்டா அது விலகிப் போகும். எதிர்பாராம பக்கத்துல போய் நின்னாத்தான் ஆபத்து.

"குருவி தின்னுதே, நமக்கு என்ன?"

இது நம்ம ஊர்லயும் அடிக்கடி கேக்கிற வாதம். தப்பான வாதம். பச்சை மிளகாயைக் கிளி கடிச்சுத் தின்னுது. அதோட வாய்க்குக் காரமே தெரியாது. காரத்தை உணர்ற அமைப்பு பறவைக்கு வேற மாதிரி. எட்டிப் பழத்தோட சதையை இருவாச்சி தின்னும், விதையில இருக்கிறதோ ஸ்ட்ரிக்னைன். எட்டி பழுத்தா நமக்கு என்னன்னு பழமொழியே வச்சிருக்கோம். பறவையோட உடம்பு வேற, நம்ம உடம்பு வேற.

அதே மாதிரி, "கொஞ்சம் கடிச்சுப் பார்த்து, கசந்தா துப்பிடலாம்" என்பதும் சரியில்லை. எல்லா விஷமும் கசக்காது. காட்டாமணக்கு விதை ருசியா இருக்குன்னுதான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. நம்ம மாவட்டம் உட்படத் தமிழ்நாடு பூரா வருஷாவருஷம் இந்தச் செய்தி வருது. போன்ல படம் எடுத்துப் பார்த்தா பேர் சொல்ற செயலிகளும் இருக்கு. பேரை யோசிக்க அது உதவலாம். தின்னலாமான்னு முடிவு பண்ண அது போதாது. கால்தேரியா இலையோட வாசனை படத்துல வராதே!

யாராவது தெரியாத பழத்தைத் தின்னுட்டா என்ன பண்றது? விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீங்க. உப்புத்தண்ணி கொடுக்காதீங்க. வாயில மிச்சம் இருந்தா துடைச்சு எடுத்துடுங்க. தின்ன செடியோட ஒரு சின்னக் கிளையை, இலை, பழத்தோட, ஒரு பையில போட்டுக்குங்க. 108-க்குக் கூப்பிடுங்க. எத்தனை பழம், எத்தனை மணிக்குன்னு மருத்துவர்கிட்ட சொல்லுங்க. அறிகுறி வரட்டும்னு காத்திருக்க வேணாம்.

யாருடைய பழம்?

ஃபின்லாந்து, ஸ்வீடன் மாதிரி நாடுகள்ல ஒரு பழைய உரிமை இருக்கு. காட்டுல தானா விளையற பழத்தை யாரும் பறிக்கலாம். நிலம் தனியாரோடதா இருந்தாலும் சரி. கோடையில குடும்பம் குடும்பமா வாளி எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. அந்த வீடியோக்களைப் பார்த்துட்டு நம்ம மலையிலயும் அப்படித்தான்னு நினைச்சுடக் கூடாது.

நம்ம சட்டம் வேற. தேசியப் பூங்கா, வனவிலங்கு சரணாலயம் எதுலேர்ந்தும் வனப்பொருளை எடுக்கிறதை 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை பண்ணுது. பழமும் வனப்பொருள்தான். காப்புக்காட்டுலயும் அனுமதி இல்லாம எடுத்தா குற்றம். 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில மலையேறப் போனவங்க 23 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் மலையேற்றத்துக்கே தனி விதி வந்துடுச்சு. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்துல 40 பாதைகளைத் திறந்தாங்க. இணையத்துல பதிவு பண்ணிட்டுப் போகலாம், உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். அங்க பழத்தைப் பாருங்க, படம் எடுங்க, வழிகாட்டிகிட்ட பேர் கேளுங்க. பறிக்காதீங்க.

அப்ப யாருக்கு உரிமை? அந்தக் காட்டுல தலைமுறை தலைமுறையா வாழறவங்களுக்கு. நீலகிரியில தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்னு ஆறு பழங்குடிகள் இருக்காங்க. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், பரம்பரையா சேகரிச்சு வந்த சிறு வனப்பொருள் மேல இவங்களை மாதிரி வனவாசிகளுக்கு உரிமை கொடுக்குது. தேன், நெல்லி, சீயக்காய் எல்லாம் அதுல வரும். அவங்களுக்கு அது வருமானம். நமக்கு அது வழியில போகும்போது வாயில போடற பொழுதுபோக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லை.

அதனால சாப்பிட்டுப் பார்க்க ஆசைப்படறவங்க என்ன செய்யலாம்? ஒண்ணு, தெரிஞ்சவங்க சொந்த நிலத்துல, அவங்க கூட இருக்கும்போது பறிக்கலாம். இன்னொண்ணு, காய்ப்புக் காலத்துல சாலையோரம் தவிட்டுப்பழத்தைக் கூறு கட்டி வச்சு விப்பாங்க, வாங்கிச் சாப்பிடலாம். பேரம் பேசாதீங்க. அதைப் பறிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கு இப்ப தெரியும்.

நமக்கு இதுல என்ன இருக்கு?

திருவையாத்துக்காரங்களுக்கு எங்கேயோ மலையில இருக்கிற புதரைப் பத்தி என்ன கவலைன்னு கேக்கலாம். தவிட்டுப்பழம் வளர்ற இடம் புல்சரிவு. வாக்ஸினியம் நிக்கிற இடம் சோலை ஓரம். புல்வெளியும் சோலையும் சேர்ந்துதான் மழைத்தண்ணியை உறிஞ்சி வச்சு, மெதுவா ஓடைக்கு விடுது. நீலகிரித் தண்ணி மோயாறாகவும் பவானியாகவும் இறங்கி, பவானி கூடுதுறையில காவிரியில சேருது. பெரும்பங்கு வழியிலேயே ஈரோட்டு வயலுக்குப் போயிடும். நமக்கு வர்றதுல குடகும் கபினியும்தான் முதல் பங்காளிகள். ஆனா நம்ம அஞ்சு ஆத்துல ஓடற தண்ணியில அந்தச் சரிவோட துளியும் இருக்கு.

அந்தப் புல்வெளியில பெரும்பகுதி வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து சீகை மரமும் யூகலிப்டஸும் தேயிலையுமா மாறிப் போச்சு. இப்ப உண்ணிச்செடியும் பரவுது. புல்சரிவு போனா தவிட்டுப்பழமும் போகும்.

2024 ஜனவரியில தமிழ்நாட்டுல ரெண்டு இடத்துக்கு ஒரே நேரத்துல ராம்சர் அங்கீகாரம் அறிவிச்சாங்க. ஒண்ணு, கோத்தகிரி பக்கத்துல உள்ள லாங்வுட் சோலை. வெறும் 116 ஹெக்டேர்தான், ஆனா கீழ இருக்கிற ஊர்களுக்கு அதுலேர்ந்துதான் தண்ணி. இன்னொண்ணு, நமக்கு வடக்கே கொள்ளிடம் தாண்டி, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி பறவைகள் சரணாலயம். அதுக்குத் தண்ணி காவிரியிலேர்ந்து வாய்க்கால் வழியா வருது. தண்ணி புறப்படற ஒரு இடம், தண்ணி வந்து தங்கற ஒரு இடம்.

இப்ப கண்டியூர் அம்மாவுக்குப் பதில். அம்மா, நீங்க செஞ்சது சரி. அந்தப் பழம் தவிட்டுப்பழமாவே இருந்திருக்கலாம், பையனுக்கு ஒண்ணும் ஆகாம போயிருக்கலாம். ஆனா கூட வந்தவருக்கு அது என்னன்னு தெரியலை. தெரிஞ்சிருந்தா ப்ளூபெர்ரின்னு சொல்லியிருக்க மாட்டார். பேர் தெரியாத ஆள் கொடுக்கிற பழத்தைப் பிள்ளை வாயில வைக்க விடாதது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. அடுத்த முறை போகும்போது உள்ளூர்க்காரர் ஒருத்தரைக் கேளுங்க. "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு, எப்படிச் சாப்பிடுவீங்க?" இந்த ரெண்டு கேள்வி போதும். அவங்க சாப்பிடறதா இருந்தா பதில் உடனே வரும்.

ஆடி பிறந்தா நம்ம ஊர்க் கடைத்தெருவுல நாவல் பழம் வந்துடும். தவிட்டுப்பழத்தோட பங்காளி அதுதான். பையனுக்கு அதை வாங்கிக் கொடுங்க. நாக்கு ஊதாவாகுதான்னு கண்ணாடியில பார்த்துக்கட்டும்.

அடுத்த பகுதியில வயல் வரப்புல முளைக்கிற மணத்தக்காளி, சொடக்குத்தக்காளி பத்திப் பேசுவோம். கேள்வி இருந்தா குரல் பதிவா அனுப்புங்க.